பதினெட்டு விநாடி ஹம்மிங்

ஜூன் 3, செவ்வாய்

மூன்று ஆட்கள் மாடிக்குத் தூக்கி வந்து இறக்கிவிட்டுப் போனார்கள். இரண்டு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபையர், இணையத்திலிருந்து பாட்டை வாங்கி ஆம்ப்ளிஃபையருக்குக் கொடுக்கிற ஒரு கறுப்புப் பெட்டி. ஸ்பீக்கர் என் இடுப்பு உயரம் இருக்கிறது. கூடத்தில் ஷோகேஸ் நிற்கும் இடம்தான் இதற்குச் சரி என்று கடைக்காரர் அன்வர் சொன்னதால், ஷோகேஸை உள்ளறைக்குத் தள்ளச் சொன்னேன். அதில் இருப்பதெல்லாம் என் வீட்டுக்காரர் சிவக்கொழுந்துக்கு மின்வாரியத்தில் கொடுத்த கேடயங்கள்.  மாலையில் காப்பி கொடுத்தபோது அவர், இந்த வயசில் இதெல்லாம் தேவையா என்று தன் அண்ணன் கேட்டதாகச் சொன்னார். அண்ணனுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டேன். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டார்.

இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து, கடைசியாகக் கைக்கு வந்ததில் வாங்கியது. காசிக்குப் போகவில்லை. வளையல் செய்துகொள்ளவில்லை. அறுபத்து மூன்று வயதில் எனக்குப் பாட்டு நன்றாகக் கேட்க வேண்டும். யாருக்கும் விளக்கம் சொல்வதாக இல்லை.

ஜூன் 5, வியாழன்

புனேயிலிருந்து கதிரவன் பேசினான். அம்மா, உன் போன் பிளானோடு ஒரு பாட்டு ஆப் இலவசமாக வருகிறதே, அதுவே போதும், தனியாக எதற்கும் சேராதே என்றான். போட்டுப் பார்த்தேன். இவ்வளவு பெரிய ஸ்பீக்கரில் பக்கத்து வீட்டு டிவி போலக் கேட்கிறது.

அன்வருக்குப் போன் செய்து என்ன சாமான் கொடுத்தீர்கள் என்று சத்தம் போட்டேன். மனிதர் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த ஆப் பாட்டை நசுக்கிச் சின்னதாக்கி அனுப்புகிறதாம். பதிவான தரம் குறையாமல் அப்படியே அனுப்புகிற சேவைகள் இருக்கின்றனவாம். இரண்டு பெயர் சொன்னார். இரண்டுமே முதல் மாதம் இலவசம்.

“ஒரே பாட்ட மூணுலயும் போட்டுக் கேளுங்கம்மா. உங்களுக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச பாட்டா இருக்கட்டும். புதுப் பாட்டுன்னா ஒண்ணும் பிடிபடாது” என்றார்.

எந்தப் பாட்டு என்று எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

ஜூன் 6, வெள்ளி

படகுப் பாட்டு. அந்தப் படம் பத்து நாள்கூட ஓடவில்லை. பாட்டு நாற்பத்தோரு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் எல்லா வாத்தியமும் நின்று, ஒரு வீணையும் ஒரு பெண்ணின் ஹம்மிங்கும் மட்டும் வரும். பதினெட்டு விநாடி. கோரஸ் பாடுகிறவர்களின் பெயரை இசைத்தட்டில் போடுகிற வழக்கம் அப்போது இல்லை. அந்த ஹம்மிங்கையும் பாட்டைப் பாடிய பெரிய பாடகியே பாடியதாகத்தான் ஊர் நினைக்கிறது.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் அப்படி நினைக்க மாட்டார்கள். என் வீட்டுக்காரர் விடமாட்டார். “படகுப் பாட்டுல அந்த ஹம்மிங், இவங்கதான்” என்று என் தோளைத் தொட்டுக் காட்டுவார். பள்ளியில் வேலை கேட்கப் போன அன்று தாளாளர் அம்மாவுக்கு அதைத்தான் பாடிக் காட்டினேன். சான்றிதழைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

பிருந்தா என்று ஒரு பெண் இன்று பேசினாள். கோரஸ் பாடியவர்களைப் பேட்டி எடுத்து இணையத்தில் போடுகிறாளாம். இருபத்தெட்டாம் தேதி கேமராவோடு வருகிறாள். புது ஸ்பீக்கரைப் பற்றி நானே சொன்னேன். உங்கள் வீட்டு ஸ்பீக்கரில் அந்த ஹம்மிங்கை நீங்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும், நாங்கள் அதைப் படம் எடுக்க வேண்டும் என்றாள். அதற்குள் எந்தச் சேவை என்று முடிவு செய்துவிட வேண்டும்.

ஜூன் 9, திங்கள்

இலவச ஆப்பில் படகுப் பாட்டு. வீணையும் தபலாவும் ஒன்றோடொன்று குழைந்துபோய் வருகின்றன. ஹம்மிங் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பது மாதிரி இருக்கிறது. ஆனாலும் என் குரல் என் குரல்தான்.

ஜூன் 10

சர்க்கரை 162. மாம்பழம்தான் காரணம் என்கிறார் இவர். நான் சாப்பிட்டது அரை மாம்பழம்.

ஜூன் 12, வியாழன்

இரண்டாவது சேவையில் சேரவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. பாஸ்வேர்டில் ஒரு பெரிய எழுத்து வேண்டும் என்றது, பிறகு ஒரு எண், பிறகு ஒரு குறி. எல்லாம் கொடுத்த பிறகு போனுக்கு வந்த எண்ணை அடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்றது. கதிரவனைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. நான்காம் முறை திறந்துகொண்டது.

படகுப் பாட்டை அதில் புதிதாகத் துலக்கி வைத்திருக்கிறார்கள். போட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். வீணை வலப்பக்கச் சுவரிலிருந்து வருகிறது. ஹம்மிங் நடுக்கூடத்தில் நிற்கிறது. வழுவழுவென்று, ஒரு தூசு தும்பு இல்லாமல்.

இவர் சமையலறை வாசலில் குக்கர் மூடியோடு நின்று கேட்டார். உன் குரல் அப்போது இப்படியா இருந்தது என்றார். பின்னே என்றேன்.

ஒன்று மட்டும். நான் பாடும்போது பாதியில் ஒரு முறை மூச்சு எடுத்தேன். கதிரவன் அப்போது வயிற்றில் மூன்று மாதம். ஒரே மூச்சில் இழுக்க முடியவில்லை. இதில் அந்த இடத்தில் மூச்சுச் சத்தமே இல்லை. அதையும் துடைத்திருப்பார்கள். இப்போதெல்லாம் எதை வேண்டுமானாலும் துடைக்கிறார்கள்.

ஜூன் 13, வெள்ளி

மூன்றாவது சேவை. பாட்டு தொடங்கும் முன்பே உஸ்ஸென்று இரைச்சல். பழைய நாடாவிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். இதற்கு மற்றதைவிட அதிக சந்தா வேறு. ஒரு முறை கேட்டேன். போதும். சாயங்காலமே ரத்து செய்துவிட்டேன்.

இரண்டாவதுதான். முடிந்தது. மற்றவற்றைப் பற்றி இனி எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 14

தண்ணீர் லாரி வரவில்லை. குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் கேட்டால் திங்கள் என்கிறார். இரண்டு குடம் வைத்துக்கொண்டு திங்கள் வரை என்ன செய்வதாம்.

ஜூன் 16, திங்கள்

அன்வர் விசாரித்தார். மூன்றாவதை ஏன் விட்டீர்கள், பழைய பாட்டுக்கு அதுதானே நன்றாக இருக்கும் என்றார். இரைச்சலைச் சொன்னேன். அது நாடாவின் இரைச்சல், அதைத் துடைக்கப் போனால் கூட இருக்கிறதும் கொஞ்சம் போய்விடும் என்றார். என் காது என்னுடையது, எனக்கு எது பிடிக்கிறதென்று எனக்குத் தெரியும் என்றேன். சரிம்மா என்று வைத்துவிட்டார்.

இவ்வளவு கடுமையாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

ஜூன் 18, புதன்

எழுதிவிடுகிறேன்.

பதின்மூன்றாம் தேதி இரைச்சலுக்காக நான் ரத்து செய்யவில்லை. ஹம்மிங் தொடங்குவதற்கு முன் வீணை ஒரு கணம் நிற்கிறது. அந்த இடத்தில் ஒரு மூச்சு கேட்டது. மூச்சின் கடைசியில் தொண்டையில் சின்னதாக ஒரு சிக்கல், கொக்கியில் துணி மாட்டி விடுபடுகிற மாதிரி. அதற்குப் பிறகு ஒரே இழுப்பு. பாதியில் நிற்கவே இல்லை.

எங்கள் கோரஸில் எட்டுப் பெண்கள். அப்படி மூச்சு எடுக்கிறவள் ஒருத்திதான். மைக்கில் விழுகிறது, மூச்சை அடக்கு என்று பதிவு செய்கிறவர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவளைத் திட்டுவார். நாங்கள் ஏழு பேரும் சிரிப்போம்.

ரெபெக்கா.

ஜூன் 19, வியாழன்

இவர் வங்கிக்குப் போன நேரத்தில் மூன்றாவதில் மறுபடி சேர்ந்தேன். இரண்டாம் முறைக்கு இலவச மாதம் கிடையாதாம். கட்டினேன்.

பதினோரு முறை கேட்டேன். எனக்குச் சாதகமாக ஏதாவது இருக்கிறதா என்றுதான் கேட்டேன். ஒன்றும் இல்லை. மூச்சு அவளுடையது. கடைசி ஸ்வரத்தில் உதட்டை மூடுகிற விதமும் அவளுடையது. பிறகு எழுந்து இரண்டாவதைப் போட்டேன். அதில் மூச்சு இல்லை, உதடு இல்லை. அது யாருடைய குரலாகவும் இருக்கலாம். என்னுடையதாகவும் இருக்கலாம். கதிரவன் சொன்ன இலவச ஆப்பில் இன்னும் வசதி.

படகுப் பாட்டு பதிவான அன்றைக்கு நடந்தது இது. காலை பதினொரு மணிக்கு நான் ஹம்மிங் பாடினேன். டேக் ஓக்கே என்றார்கள். சாப்பாட்டு இடைவேளையில் எனக்கு இரண்டு முறை வாந்தி. சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். ஃப்ளூட் சரியாக வரவில்லை, மதியம் மறுபடி எடுத்தார்கள் என்று மறுநாள் யாரோ சொன்னார்கள். ஃப்ளூட்டுக்கு மட்டும் எடுத்திருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த ரெக்கார்டிங் தியேட்டரில் அப்போது எல்லாரும் ஒன்றாக வாசித்து, ஒன்றாகப் பாடித்தான் பதிவு. ஒருத்தர் தப்பு செய்தால் முப்பது பேரும் முதலிலிருந்து. ஃப்ளூட்டுக்கு மட்டும் என்று ஒன்று கிடையவே கிடையாது. அது எனக்குத் தெரியாமல் இல்லை.

ஜூன் 20

பால் திரிந்துவிட்டது. அடுப்பில் வைத்துவிட்டு எங்கே போனாய் என்றார் இவர். எங்கேயும் போகவில்லை, அடுப்புக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

அந்தப் பதிவு முடிந்த அடுத்த வாரமே ரெபெக்கா சொன்னாள். ஸ்டுடியோ கேன்டீனில், எல்லாரும் இருக்கும்போது. கர்வத்தோடு சொல்லவில்லை. படகுப் பாட்டு நன்றாக வந்திருக்கிறதாம் தமயந்தி, மதியம் உன் இடத்தில் என்னைப் பாடச் சொன்னார்கள் என்று சாதாரணமாகத்தான் ஆரம்பித்தாள். அதற்குள் நான் எங்கள் வீட்டில், மாமியார் வீட்டில், தெருவில் எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். நீ பொய் சொல்கிறாய் என்றேன். இல்லை என்றாள். பைபிளைத் தொட்டுச் சொல்லு என்றேன்.

“எங்க வேதத்துல ஆணையிடக் கூடாதுன்னு இருக்கு. நான் பாடினேன்னா பாடினேன்தான்” என்றாள்.

பார்த்தீர்களா, சத்தியம் செய்ய மாட்டேன் என்கிறாள் என்று எல்லாரையும் பார்த்துச் சொன்னேன். அவள் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் நோட்டை மூடினேன். மூடிவிட்டுத் திரும்பத் திறந்திருக்கிறேன். கோரஸுக்கு ஆள் சொல்லி அனுப்புகிறவர் ஒருவர் இருந்தார். அவள் வருகிற பதிவுக்கு நான் வர மாட்டேன் என்று அவரிடம் சொன்னேன். அப்போது என் கை ஓங்கியிருந்தது. ரெபெக்காவுக்கு அழைப்பு நின்றது. நானும் குழந்தை பிறந்த பிறகு போகவில்லை. ஆக, என்னால் அவளுக்குப் போனது எனக்கும் உதவவில்லை.

ஜூன் 23, திங்கள்

இவரிடம் சொன்னேன். ஸ்பீக்கருக்கு முன்னால் உட்கார வைத்து மூச்சைக் காட்டினேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றார். மூன்றாம் முறை ஒப்புக்கொண்டார். அப்புறம் ரொம்ப நேரம் வேட்டி நுனியை மடித்துக்கொண்டே இருந்தார்.

“நாப்பது வருஷமா நான்தான எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன். இப்ப மாத்தினா என் மூஞ்சிய எங்க வச்சுக்கிறது?” என்றார்.

அவர் முகத்தை அவர்தான் வைத்துக்கொள்ள வேண்டும். பிருந்தாவிடம் உள்ளதைச் சொல்லப் போகிறேன் என்றேன். அதைவிடப் பேட்டியே வேண்டாம் என்று சொல்லிவிடு, உடம்பு சரியில்லை என்று சொன்னால் ஆயிற்று என்றார். கதிரவனையும் போனில் பிடித்துக் கொடுத்தார். அவன், யாரும்மா இதையெல்லாம் கேட்கப் போகிறார்கள், அந்தப் பாட்டைக் கேட்கிறவர்களுக்கு நீயும் தெரியாது, அந்த ஆன்ட்டியும் தெரியாது என்றான். அவளுக்குத் தெரியுமே என்றேன்.  உன் இஷ்டம் என்றான்.

இந்த வீட்டில் என் இஷ்டம் என்று விட்டுக்கொடுக்கப்பட்ட முதல் விஷயம் இது. பரவாயில்லை.

ஜூன் 25, புதன்

ரெபெக்காவின் எண் பழைய கோரஸ்காரர்களின் வாட்ஸாப் குழுவில் இருந்தது. படம் கிடையாது. குழுவில் அவள் ஒரு வார்த்தைகூட எழுதியதில்லை. போனில் கேட்டால் வராதே என்பாள் என்று, இன்னொருத்தியிடம் முகவரி வாங்கிக்கொண்டு நேரே போனேன். அயனாவரத்தில் தங்கை வீட்டு மாடி. வாசலில் கேக் ஆர்டருக்கு ஒரு பலகை.

கதவைத் திறந்து என்னைப் பார்த்தாள். அடையாளம் தெரிய இரண்டு விநாடிகூட ஆகவில்லை.

“வாங்க” என்றாள்.

எங்களுக்குள் அந்தக் காலத்தில் வாடி, போடிதான். வாங்க என்ற பிறகு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கேக்குக்கு முட்டை அடித்துக்கொண்டிருந்தாள். அதை நிறுத்தவில்லை. முடி முழுக்க வெளுத்துவிட்டது, தோள் அதே தோள். நான் ஸ்பீக்கர் வாங்கியதிலிருந்து ஆரம்பித்து, மூன்று சேவைகளைச் சொல்லி, மூச்சைச் சொல்லி, அது நீதான் என்று தெரிந்துவிட்டது என்று முடித்தேன். மன்னித்துக்கொள் என்றும் சொன்னேன். நடுவில் ஒரு முறை ஆம்ப்ளிஃபையரின் பெயரைக்கூடச் சொன்னேன். எதற்கென்று தெரியவில்லை.

அப்போதுதான் முட்டை அடிப்பதை நிறுத்தினாள்.

“அன்னைக்கு நான் வாயாலதான சொன்னேன். எதிர்ல நின்னு. அது போதல உங்களுக்கு. இப்ப ஒரு பொட்டி சொன்னதும் நம்பிட்டீங்க.”

அவள் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். 

தங்கை காப்பி கொண்டுவந்தாள். குடித்தேன். கிளம்பும்போது, சனிக்கிழமை பேட்டியில் சொல்லப் போகிறேன், நீயும் வந்தால் நன்றாக இருக்கும் என்றேன். எனக்குச் சனிக்கிழமை இரண்டு பிறந்தநாள் கேக் என்றாள். கேட் வரை வந்தாள். தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. உட்காரவில்லை.

ஜூன் 26

மூன்றாவது சேவைக்கு ஒரு வருஷத்துக்குச் சேர்ந்துவிட்டேன். இரண்டாவதை ரத்து செய்தாயிற்று. இலவச ஆப்பைப் போனிலிருந்தே எடுத்துவிட்டேன்.

ஜூன் 28, சனி

பிருந்தாவும் கேமரா பிடிக்கிறவரும் பத்து மணிக்கு வந்தார்கள். இவர் சட்டையைப் போட்டுக்கொண்டு காய்கறி வாங்கக் கிளம்பினார். காய்கறி நேற்றே வாங்கியாயிற்று.

என்னை ஸ்பீக்கருக்கு எதிரே உட்கார வைத்தார்கள். பாட்டைப் போட்டேன். ஹம்மிங் வந்ததும் பிருந்தா கண்ணை மூடிக்கொண்டாள். நல்ல பெண். முடிந்ததும், நாற்பத்தோரு வருஷத்துக்குப் பிறகு உங்கள் குரலை இப்படிக் கேட்கும்போது எப்படி இருக்கிறது என்றாள்.

“அது நான் பாடினதில்ல. ரெபெக்கா பாடினது” என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். வாந்தி எடுத்தது, ஃப்ளூட், கேன்டீன், பைபிள். ஆள் அனுப்புகிறவரிடம் நான் சொன்னதையும் சொன்னேன். குரல் எங்கும் நடுங்கவில்லை. நடுங்கக் கூடாது என்று காலையிலிருந்தே முடிவு செய்திருந்தேன்.

பிருந்தா கேமராவை நிறுத்தச் சொன்னாள். நீங்களே உங்களை இப்படிக் காட்டிக்கொள்ள வேண்டுமா அம்மா, கடைசிப் பகுதியை மட்டும் எடுத்துவிடட்டுமா, ரெபெக்கா மேடம் பாடியது என்கிற வரை போதுமே என்றாள். எனக்காகத்தான் கேட்டாள்.

“அந்தப் பகுதி இல்லேன்னா மத்ததும் வேணாம். பொட்டியக் கட்டிக்கிட்டுக் கிளம்புங்க” என்றேன்.

சரி என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, அப்படியானால் உங்கள் குரல் எதில்தான் இருக்கிறது என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. ஆனால் பதில் தானாக வந்தது. நானூறு பாட்டுக்கு மேல் பாடியிருக்கிறேன், எல்லாவற்றிலும் எட்டுப் பேரில் ஒருத்தியாக நிற்கிறேன், தனியாக எதிலும் இல்லை, அதனால் அது என் குரல் இல்லை என்றாகிவிடாது என்றேன். மூன்று பாட்டுகளைப் போட்டுக் காட்டினேன். எட்டில் எது நான் என்று கையால் காட்டினேன். அவளுக்குப் பிடிபட்டதா தெரியாது. எனக்குக் கேட்டது.

ஜூலை 3, வியாழன்

வீடியோ நேற்று வெளியானது. கதிரவன் கமென்ட்டுகளைப் படிக்காதே என்றான். படித்தேன். பொய்க்காரி என்று நிறைய பேர். கல்யாண வீடுகளில் இந்தப் பெருமையைக் கேட்டவர்கள் தனியாக எழுதியிருக்கிறார்கள். என்னிடம் படித்த ஒரு பெண், டீச்சர், எங்களையெல்லாம் ஏமாற்றிவிட்டீர்கள் என்று எழுதியிருக்கிறாள். ஆமாம் என்று அவளுக்குப் பதில் போட்டேன். வேறு யாருக்கும் போடவில்லை.

இவருடைய அண்ணன் காலையில் வந்து, குடும்ப மானம் என்று ஆரம்பித்தார். ஆச்சரியம், இவர் குறுக்கே பேசினார். “அண்ணே, அவ செஞ்சத அவ சொல்லிட்டா. நீங்க காப்பி குடிங்க” என்றார். அண்ணன் குடிக்காமல் போனார். அந்தக் காப்பியை இவரே குடித்தார்.

அயனாவரத்திலிருந்து ஒன்றும் இல்லை. வாட்ஸாப் குழுவில் பத்துப் பேர் ரெபெக்காவுக்கு வாழ்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அவள் இப்போதும் ஒரு வார்த்தை எழுதவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

மதியம் இரண்டு மணிக்கு அழைப்பு மணி. ரெபெக்கா. சர்ச்சிலிருந்து நேராக வந்திருக்கிறாள். வெள்ளைப் புடவை, கையில் பை. மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்தேன். இவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். தூங்கவில்லை, தூங்குவதாகக் காட்டிக்கொண்டார்.

வீடியோவைப் பார்த்தாயா என்று நானும் கேட்கவில்லை, பார்த்தேன் என்று அவளும் சொல்லவில்லை. ஸ்பீக்கரைச் சுற்றி வந்து பார்த்தாள். பின்பக்கத்து ஒயர்களைக் குனிந்து பார்த்தாள்.

“எங்க வீட்டுல ரேடியோல இந்தப் பாட்டு வந்தா அணைச்சுடுவேன். நாப்பது வருஷமா முழுசாக் கேட்டதில்ல. போடு” என்றாள்.

போட்டேன். அவள் உட்காரவில்லை. பல்லவி, முதல் சரணம் முடிகிற வரை சுவரில் தொங்கும் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீணை வந்தது, நின்றது. மூச்சு. அவள் கை தன்னால் தொண்டைக்குப் போயிற்று. ஹம்மிங் முடிந்து, இரண்டாவது சரணமும் முடிந்து, பாட்டே நின்ற பிறகும் கை அங்கேயே இருந்தது.

“மேல போனப்ப சுருதி ஒரு நூல் இறங்கியிருக்கு” என்றாள்.

இல்லை என்றேன். இருக்கிறது என்றாள். அதில் அவள் பேச்சுதான் சரி. அந்த இடத்தில் நான் விட்டுக்கொடுத்தேன்.

சத்தத்தைக் கூட்டி மறுபடி போடச் சொன்னாள். கூட்டினேன். இன்னும் என்றாள். இன்னும் கூட்டினேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மூன்றாம் முறையோ நான்காம் முறையோ ஓடிக்கொண்டிருக்கும்போது யாரோ கதவைத் தட்டினார்கள். கீழ்த்தளத்து வரதராஜன்தான். அவர் மதியம் தூங்குகிற ஆள். நான் குறைப்பதற்காக எழுந்தேன்.

“நீ உக்காரு” என்று சொல்லிவிட்டு ரெபெக்கா போய்க் கதவைத் திறந்தாள். வரதராஜன் லுங்கியோடு, பாதித் தூக்கத்தில் நின்றார். அவளை அவர் முன்பின் பார்த்ததில்லை. என்னம்மா இது, ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் என்று ஆரம்பித்தார். அதே நேரம் உள்ளே வீணை நின்றது. ரெபெக்கா அவரைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினாள், பொறுங்கள் என்கிற மாதிரி. பதினெட்டு விநாடியும் இருவரும் வாசற்படியில் அப்படியே நின்றார்கள்.

முடிந்ததும் விரலை இறக்கினாள்.

“இப்பக் கேட்டீங்கல்ல, அது நான் பாடினது. என் பேரு ரெபெக்கா” என்றாள்.